1977 நவம்பர் புயல்: கொங்கின் கிழக்கோரத்தில் ஒரு காற்றின் நினைவு

1977 நவம்பர் 12, சனிக்கிழமை விடிவதற்கு முன்பு, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும்புயல் கரையைக் கடந்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது பிங்கள வருடம், ஐப்பசிக் கடைசி. முந்தைய நாள் அமாவாசை. தீபாவளி கொண்டாடிய கை ஈரம் காயாத நேரத்தில் வந்த புயல் இது. தமிழ்நாட்டில் 560 பேர் இறந்தனர். ஏறத்தாழ 10 லட்சம் பேர் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மாண்டன. சேதம் 155 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. இவ்வளவு பெரிய நிகழ்வுக்குப் பெயர் இல்லை. வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004ஆம் ஆண்டில்தான் தொடங்கியது.

புயல் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் கடற்கரைதான் எழும். 1964 டிசம்பரில் அழிந்த தனுஷ்கோடியும், 2018இல் கஜா புரட்டிப் போட்ட தென்னந்தோப்புகளும் நினைவுக்கு வரும். கடலைப் பார்க்காத கொங்கு நாட்டுக்கும் புயலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். 1977 புயல் அந்தக் கேள்விக்கு ஒரு விடை. அது கரையோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் குறுக்கே மேற்கு நோக்கி நடந்து, மறுநாள் காலை கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. அந்த வழியில் கொங்கின் கிழக்கு, தென்கிழக்கு ஓரம் கடுமையாக அடி வாங்கியது. அப்படியிருந்தும், இன்று அந்தப் பகுதிப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வெள்ளக் கதைதான் வரும். காற்றின் கதை வருவது அரிது. இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க, அயர்லாந்து நாட்டின் கிராமங்கள் 1839ஆம் ஆண்டின் ஒரே ஓர் இரவை எப்படி நூறாண்டுகளுக்கும் மேலாக மறக்காமல் வைத்திருந்தன என்பதையும் சேர்த்துக் காண்போம்.

புயல் நடந்த வழி

கரையேறிய புயல் பொதுவாக விரைவில் வலுவிழக்கும். கடல்நீரின் வெப்பத்திலிருந்தும் ஈரத்திலிருந்தும் கிடைக்கும் வலு, நிலத்துக்கு வந்ததும் நின்றுபோகிறது. தரையின் உராய்வும் சேர்ந்து காற்றைத் தளர்த்துகிறது. 1977 புயல் இதில் சற்று மாறுபட்டது. கரையைக் கடந்து பல மணி நேரம் ஆன பின்பும், காலை 10 மணி அளவில், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. கடலிலிருந்து தள்ளி உள்ள ஊர்களுக்கு இது கேள்விப்படாத வேகம். மாலைக்குள் அது தளர்ந்தது. ஆனால் கையில் இருந்த மழை முழுவதையும் உள்நாட்டு மேட்டு நிலங்களில் கொட்டிவிட்டுத்தான் போனது. திருச்சி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

திருச்சிக்கு மேற்கே கரூர். தென்மேற்கே வேடசந்தூர், திண்டுக்கல். மரபான எல்லைக் கணக்கில் கொங்கு நாட்டின் கிழக்கு எல்லை குளித்தலையை அடுத்த மதிற்கரை, தெற்கு எல்லை பழனி மலை. ஆகவே கரூரும் அதன் தெற்கே உள்ள மேட்டுக் காடுகளும் கொங்கின் விளிம்பில் உள்ளவை. பேச்சு, உறவுமுறை, கால்நடை வளர்ப்பு என எல்லாவற்றிலும் கொங்கின் சாயல் உள்ள பகுதி. முள்கிளுவை வேலி அடைத்த கொரங்காடுகள், நடுவே வெள்வேல மரங்கள், படல் கட்டிய ஆட்டுப்பட்டிகள், காட்டுக்குள் தனித்து நிற்கும் ஓலைச்சாளைகள் என்பது அன்றைய நிலக்காட்சி. மழை குறைவாகப் பெறும் வறண்ட சீமை. வீடும் பட்டியும் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை, புயலுக்காக அல்ல.

இங்கே ஆவணம் தேடுவோருக்கு ஒரு எச்சரிக்கை தேவை. 1977இல் கரூர் தனி மாவட்டம் அல்ல, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதி. வேடசந்தூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது. ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட பெரியார் மாவட்டம்கூட 1979இல் உருவானது. எனவே இந்தப் புயலின் கொங்குப் பகுதிச் சேதம் ‘கோயம்புத்தூர் மாவட்டம்’ என்ற தலைப்பின்கீழ் தேடினால் அகப்படாது; திருச்சிக் கணக்கிலும் மதுரைக் கணக்கிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வட்டாரத்தின் நினைவு மங்குவதற்குக் கோப்புகளின் எல்லைக்கோடும் ஒரு காரணம்.

குடகனாறு

திண்டுக்கல் பக்கத்து மலைகளிலிருந்து வடக்கே ஓடிவரும் குடகனாறு, வேடசந்தூர் வழியாகக் கரூர்ப் பகுதிக்குள் நுழைந்து அமராவதியில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. இதன் குறுக்கே அழகாபுரியில் ஒரு மண் அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டும் 1977தான். ஆற்றுப் படுகையிலிருந்து 11.45 மீட்டர் உயரம். ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஐந்து தூக்கு ஷட்டர்கள்.

அணை உடைந்த விதம் இந்தியாவின் அணை விபத்துகள் பற்றிய பொறியியல் எழுத்துகளில் இடம்பெற்றுள்ளது. வெள்ளம் ஏறியதும் ஊழியர்கள் ஷட்டர்களைத் தூக்கத் தொடங்கினர். பாதியில் மின்சாரம் நின்றுவிட்டது. மாற்று ஜெனரேட்டரை இயக்கினார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. பிறகு கையாலேயே சுழற்றித் தூக்க முயன்றார்கள். அதற்குள் நீர் கரையின் மேலேறி, மறுபக்கச் சரிவில் அருவியாக விழத் தொடங்கிவிட்டது. மண் கரையின் மேல் நீர் வழிந்தால் அதன் கதி என்ன என்பதைக் குளத்துக்கரை பார்த்த எவரும் சொல்வார்கள். 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமுள்ள உடைப்புகள் பல இடங்களில் விழுந்தன. கட்டி முடித்த ஆண்டிலேயே அணை போய்விட்டது. பிற்காலத்தில் அது மீண்டும் கட்டப்பட்டது.

இந்த வரிசையில் ‘மின்சாரம் நின்றுவிட்டது’ என்ற இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்த ஒரு புயல் கடந்து போகும் வேளையில் மின்கம்பிகள் அறுவதும் கம்பங்கள் சாய்வதும் வியப்பல்ல. அழகாபுரிக்கு வந்த மின்சாரம் எந்த இடத்தில், எதனால் நின்றது என்று அந்தப் பொறியியல் எழுத்துகள் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் காற்று, மின்தடை, தூக்க முடியாத ஷட்டர், உடைப்பு என்ற தொடரில் முதல் கண்ணி காற்றாக இருக்க வாய்ப்பு மிகுதி என்றே கருதுகிறேன். அப்படியானால் ஊர் நினைவில் ‘அணை உடைந்த வருசம்’ என்று பதிவான நிகழ்வின் பாதிக் கதையை எழுதியது காற்று. பெயர் மட்டும் தண்ணீருக்குப் போய்விட்டது.

தண்ணீர் அடையாளத்தை விட்டுச் செல்லும். சுவரில் கறை, வயலில் மணல்மேடு, உடைந்த கரை, மாறிய ஓடை என எல்லாம் பல ஆண்டுகள் கண்ணில் படும். காற்று விட்டுச் செல்வது இல்லாமையை மட்டுமே. விழுந்த மரம் விறகாகும். பறந்த ஓலை புதிதாக வேயப்படும். அடுத்த மழைக்குள் தடயம் தீர்ந்துவிடும்.

மேகாத்தும் கீழ்க்காத்தும்

கொங்குக்காரருக்குக் காற்று தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே பாய்ந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை ஆனி, ஆடி மாதங்களில் ஓயாமல் அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இந்தப் பகுதியில் வெறும் அலங்காரம் அல்ல. கணவாயை ஒட்டிய காடுகளில் தனித்து நிற்கும் மரங்கள் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பேருந்தில் போகிறவர்கூடப் பார்க்கலாம். அதே காற்றை நம்பித்தான் இன்று அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன.

இன்னொன்று கோடைச் சூறை. சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்பாகக் கால் மணி நேரம் அடிக்கும் காற்று. மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், அந்தியூர்ப் பக்கம் வாழை போட்டவர்களுக்கு இதுதான் எமன். குலை தள்ளி, வெட்டுக்கு இருபது நாள் இருக்கும்போது வந்தால் ஒரு தோட்டமே பாய் விரித்தாற்போல் படுத்துவிடும். ஏறக்குறைய ஆண்டுதோறும் எங்காவது நடக்கிறது. மறுநாள் செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வரும். நேந்திரனுக்கு முட்டுக் கொடுப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, காற்றுக் காலத்தில் குலை பிஞ்சாக நிற்காதபடி நடவைத் தள்ளிப்போடுவது, தோட்டத்தைச் சுற்றி அகத்தியோ சவுக்கோ வைப்பது என இந்தக் காற்றைப் பற்றிய அறிவு உயிரோடு இருக்கிறது. காரணம் எளிது. அந்த அறிவுக்கு ஒவ்வோர் ஆண்டும் வேலை இருக்கிறது.

1977 காற்று இந்த இரண்டிலும் சேராது. வட கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் மையம் மேற்கு நோக்கிப் போகும்போது, மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் முதலில் வடகிழக்கிலிருந்தும் பிறகு கிழக்கிலிருந்தும் காற்று அடிக்கும். மையம் தாண்டியபின் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். அதாவது, மேற்கே முதுகு கொடுத்துப் பழகிய வீட்டுக்கும் படலுக்கும் வேலிக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடி விழுந்தது. மேகாத்துக்கு என்று பார்த்து வைத்த எந்த ஏற்பாடும் கீழ்க்காத்துக்கு உதவாது. மறுபடியும் அப்படி ஒரு காற்று அடுத்த ஆண்டு வரவில்லை, அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. எனவே அதைப் பற்றிய அறிவு தொழிலுக்குள் இறங்கவில்லை. கதையாக மட்டும் நின்றது. கதையையும் வெள்ளம் எடுத்துக்கொண்டது.

அயர்லாந்தின் பெருங்காற்று இரவு

1839 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் காலத்தின் கடைசித் திருநாள். அயர்லாந்தில் முந்தைய நாள் பனி கொட்டியிருந்தது. அன்று பகல் பொருந்தாத வெம்மையும் அசையாத அமைதியும். ஒரு மைல் தள்ளியிருந்த வீட்டார் பேசியதுகூடக் காதில் விழுந்ததாகப் பின்னாளில் சொன்னார்கள். இரவு ஏறியதும் மேற்கிலிருந்து காற்று எழுந்தது. விடிவதற்குள் நாடு முழுவதும் கூரைகள் போயிருந்தன. தலைநகர் டப்ளினிலேயே நாலில் ஒரு பங்கு வீடுகள் சேதமடைந்தன. கடலிலும் கரையிலும் சேர்த்து 250 முதல் 300 பேர் வரை இறந்ததாகக் கணிக்கப்படுகிறது.

சாவு எண்ணிக்கையில் இது 1977ஐவிடச் சிறியது. ஆனால் ஏழைக் குடியானவரின் இழப்பு ஆழமானது. ஓலை போன்ற புல்கூரை வீடுகள். உள்ளே அடுப்பில் எப்போதும் கனல். கூரை பிய்ந்ததும் கனல் பறந்து தீப்பிடித்தது. அறுவடை முடிந்து அடுக்கி வைத்த தானியப் போரும் வைக்கோல் போரும் காற்றோடு போயின. குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி இல்லை. சேமித்த பணத்தைக் கூரையில் செருகி வைத்திருந்தவர்கள் அதையும் இழந்தார்கள். நம் ஊரில் எறவாரத்தில் முடிச்சைச் செருகி வைத்த பாட்டிமார்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. உலக முடிவு வந்துவிட்டதென்று பலர் நம்பினர். அந்த நாட்டு நாட்டார் நம்பிக்கையில் வாழ்ந்த தேவதைக் கூட்டம் அன்றிரவே நாட்டை விட்டுப் போய்விட்டது என்ற பேச்சும் பரவியது.

ஆறு ஆண்டுகளில் அதைவிடக் கொடிய பஞ்சம் வந்தது. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள்; அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். ஓர் இரவுக் காற்றை அந்தப் பஞ்சம் முற்றாக அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. அதற்கு ஒரு விசித்திரமான நிர்வாகக் காரணம் உண்டு.

1909 ஜனவரி 1 முதல், 70 வயது நிரம்பிய ஏழை முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் தரும் சட்டம் பிரிட்டனிலும் அன்று அதன் ஆட்சியில் இருந்த அயர்லாந்திலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதியும் முறை தொடங்கியதே 1864இல்தான். எழுபது வயதுக்காரரிடம் பிறப்புச் சான்று எப்படி இருக்கும்? 1909இலிருந்து எழுபதைக் கழித்தால் 1839. பெருங்காற்று இரவு நினைவில் இருந்தால் வயது எழுபதுக்கு மேல் என்பது உறுதி. எனவே விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் முதியவர்கள் அந்த இரவைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்றிரவு கையில் உருளைக்கிழங்கை வைத்துத் தின்னும் அளவுக்கு வளர்ந்திருந்தேன் என்பது பலர் சொன்ன சாட்சி. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் ஓய்வூதியம் கேட்டார்கள். அதில் எத்தனை பேர் உண்மையில் அந்தக் காற்றைக் கேட்டவர்கள், எத்தனை பேர் தாயிடம் கதையாகக் கேட்டவர்கள் என்பதில் அதிகாரிகளுக்கு ஐயம் இருந்தது. ஐயம் நியாயமானதே. ஆனால் வரலாற்று மாணவருக்கு முக்கியமானது வேறு. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காற்றை, கேட்டவரும் கேளாதவரும் சேர்ந்து, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மீண்டும் விவரித்தார்கள்.

அடுத்த வாய்ப்பு 1937இல் வந்தது. அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்தது. சுமார் 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். அந்த ஏடுகளில் பெருங்காற்று ஊர் ஊராக மறுபடி வந்தது. எந்த வீட்டுக் கூரை போனது, எந்தக் குடும்பம் எந்தப் பள்ளத்தில் படுத்து உயிர் தப்பியது என்ற அளவுக்கு விவரமாக. 2025 ஜனவரி 24 அன்று எயோவின் என்னும் புயல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றோடு அடித்தபோதும், ஒப்பீட்டுக்கு 1839 மறுபடி இழுக்கப்பட்டது.

நம் பக்கத்துக் கணக்கு

கொங்கிலும் நிகழ்வை வைத்து வயது சொல்லும் பழக்கம் இருந்தது. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம் ‘தாது வருசப் பஞ்சம்’ என்றே பல தலைமுறைக்கு நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் திரும்பத் திரும்ப வந்த பிளேக் நோய்க்கு பிளேக் மாரியம்மன் கோயில்கள் சாட்சி. பஞ்சத்துக்கு ஆண்டின் பெயர் கிடைத்தது. கொள்ளைநோய்க்கு ஒரு தெய்வமே கிடைத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வயது தெரியாதவரிடம் இப்படிப்பட்ட உள்ளூர் நிகழ்வுகளைக் கேட்டு வயதைக் கணிக்கும் முறை இருந்தது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தொடங்கியபோது, சான்று இல்லாத முதியவரின் நிலை 1909இன் அயர்லாந்து முதியவரின் நிலைதான்.

1977 புயலுக்கு அந்த வேலை வாய்க்கவில்லை. அதற்குள் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழ் பரவிவிட்டது. அன்று பிறந்த பிள்ளையின் வயதை நிறுவப் புயலைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை.

மேலும் ஒரு தற்செயல். சரியாக ஒரு வாரம் கழித்து, 1977 நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையில் இன்னொரு புயல் கடலையே நிலத்துக்குள் தள்ளியது. 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகு ‘எழுபத்தேழு புயல்’ என்றால் நாடு முழுவதும் அதுதான். செய்தியும் நிவாரணக் கவனமும் வடக்கே நகர்ந்தன. திருச்சிக்கு மேற்கே, வேடசந்தூருக்கும் கரூருக்கும் இடையே நடந்தது பேரழிவின் நிழலில் நடந்த சிறு துயரமாகச் சுருங்கியது.

கஜாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயலும், கிட்டத்தட்ட பழைய வழியிலேயே திண்டுக்கல், கொடைக்கானல் வழியாக மேற்கே போனது. அதற்கு இலங்கை வைத்த பெயர் இருந்தது. சாய்ந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த 1,100 ரூபாய்க்காகத் தோப்புத் தோப்பாக மரங்கள் எண்ணப்பட்டன. தொகை போதாது என்று விவசாயிகள் சொன்னது நியாயம். ஆனாலும் எண்ணியதால் ஒரு காற்று என்ன செய்தது என்பது ஏட்டில் ஏறியது. கொங்குப் பகுதி மின்வாரியத் தொழிலாளர்கள் பலர் அப்போது டெல்டாவுக்குப் போய்க் கம்பம் நட்டுத் திரும்பினார்கள். அவர்கள் வழியாக, கடலில்லாத சீமைக்கும் அந்தப் புயலின் கதை வந்து சேர்ந்தது.

1977இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று அறுபதை நெருங்குகிறார் அல்லது தொட்டுவிட்டார். ஊர் வரலாறு தொகுக்கும் மாணவர் அவரிடம் ‘புயல் நினைவிருக்கிறதா’ என்று கேட்டால், புயலெல்லாம் இங்கே ஏதுங்க என்ற பதிலே பெரும்பாலும் வரும். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சொல் அங்கே கடற்கரைக்கு உரியது, அவ்வளவுதான். கேள்வியை மாற்றிக் கேட்கலாம். அந்தத் தீபாவளிக்கு அடுத்த நாட்களில் பட்டியில் ஆடு எத்தனை செத்தது? கரண்டு எத்தனை நாள் வரவில்லை? சாளை ஓலை எந்தக் காட்டில் போய்க் கிடந்தது? இவற்றோடு, விழுந்த மரத்தின் தலை எந்தப் பக்கம் கிடந்தது என்று தவறாமல் கேட்க வேண்டும். கிழக்கே என்றால் அது வேறோர் ஆண்டின் ஆடிக் காற்றாக இருக்கலாம். மேற்கே என்றால், அவர் பிங்கள ஆண்டின் புயலைப் பார்த்தவர்.